வேலிக்குள் ஒரு சனி கிரகவாசி

நான் சிட் லுபெக்கின் படக் கம்பெனியில் சேர்ந்த காலத்தில் அவர் குதிரைப் படங்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே பாறை, ஒரே குதிரை, கதாநாயகனின் தொப்பி மட்டும் படத்துக்குப் படம் மாறும். 1954 வசந்தத்தில் ஒரு நாள் காலை ஆபீசுக்குள் நுழைந்தவர் உட்காரக்கூட இல்லை.

"குதிரை போதும் கண்ணு. இனிமே வில்லன் வானத்துலேருந்து வருவான்."

சிட் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார், அபராதச் சீட்டு எழுதும் போலீஸ்காரர் உட்பட.

அந்த வருடம் ஹாலிவுட்டில் பறக்கும் தட்டு இறங்காத தெரு இல்லை. எங்கள் படத்துக்கு 'சனி கிரகத்தின் விருந்தாளிகள்' என்று பெயர் வைத்தார்கள். சனி கிரகத்திலிருந்து வருபவர்கள் ஒரு சிற்றூரில் இறங்கி, ஒவ்வொருவராக ஊர்க்காரர்களின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறார்கள். யார் மனிதர், யார் விருந்தாளி என்று தெரியாமல் ஊர் கிறுக்குப் பிடித்து அலைகிறது. எழுதி இயக்குவது மார்ட் ஸெல்னிக். நாற்பத்தைந்து வயது, வழுக்கைத் தலை, பயந்த சுபாவம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பதினாறு வருடம் முன்பு அவர் மூன்று கூட்டங்களுக்குப் போயிருந்தார். என்ன கூட்டம் என்று கேட்டால், "அங்க காபி நல்லா இருக்கும்" என்பார். காபி குடித்தவர்களையெல்லாம் கம்யூனிஸ்டுகள் என்று ஒரு விசாரணைக் குழு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கூப்பிடப்பட்டவருக்கு மறுநாள் எந்த ஸ்டூடியோவிலும் வேலை இருக்காது. போன் அடித்தால் மார்ட் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

என் பெயர் நாடின் பர்செல். படப்பிடிப்பில் கேமராவுக்குப் பக்கத்தில் மடியில் கட்டுத்தாளோடு உட்கார்ந்திருக்கும் பெண்தான் நான். எந்தக் கையில் கோப்பை இருந்தது, சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது என்று குறிப்பெடுப்பது என் வேலை. இயக்குநர் எந்த டேக் நன்றாக வந்தது என்கிறாரோ, அதன் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்டதை மட்டும்தான் லேபில் பிரதி எடுப்பார்கள். மற்றதெல்லாம் டப்பாவிலேயே கிடந்து தூசியாகும்.

மார்ட் கதை எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அந்த விருந்தாளிகள் சனி கிரகத்திலிருந்து வரவில்லை என்று. ஒரு மத்தியானம் மார்ட்டிடம் என் தம்பி வால்ட்டைப் பற்றிச் சொன்னேன். வால்ட் கொரியாவில் பிடிபட்டு இரண்டரை வருடம் சிறை முகாமில் இருந்துவிட்டுப் போன செப்டம்பரில்தான் திரும்பியிருந்தான். சீனர்கள் நம் பையன்களின் மூளையைக் கழுவி அனுப்பிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு அம்மாள் அவனைப் பார்த்தாலே திரைச்சீலையை இழுத்துவிடுவாள். அவனோ சமையலறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"முகம் அவன் முகந்தான் மார்ட். குரலும் அவனோடதுதான். ஆனா உள்ள வேற யாரோ வந்து குந்திக்கிட்ட மாதிரி இருக்கு" என்றேன்.

மறுநாள் அந்த வசனம் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. எழுத்து மாறாமல் அப்படியே. நானேதான் டைப் அடித்தேன்.

படத்தை நாடெங்கும் திரையிடப்போகிற கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்நியர்கள் யார் என்று ஜனங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அவர்கள் சிவப்பாக இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்கள். சிட் அதை எடுத்துக்கொண்டு உடுப்புக் கொட்டகைக்கு வந்தார். அங்கே யோஷ் மோரினாகா ரப்பர் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தான். விருந்தாளிகளின் நிஜ உருவமான பூதத்தைச் செய்கிறவன் அவன்தான். இருபத்தொன்பது வயது, ஒல்லியான ஆள், எதையும் சிரிக்காமல்தான் சொல்வான்.

"கண்ணு, கண்ண ரெண்டையும் சிவப்பாக்கிரு."

"மிஸ்டர் லுபெக், இது கறுப்பு வெள்ளைப் படம்."

"தெரியும். ஆனா பாக்கறவனுக்கு அது சிவப்புன்னு தோணணும்."

யோஷ் சிவப்பு அடித்தான். திரையில் அது கறுப்பாகத்தான் தெரிந்தது. சிட்டுக்குப் பரம திருப்தி.

ஜூன் மாதம் லோன் பைன் ஊருக்கு வெளியே இருக்கும் பாறைக் காட்டுக்குப் போனோம். சிட்டின் குதிரைப் படங்களெல்லாம் எடுத்த அதே இடம். பூதமாக நடிக்க ஒரு மல்யுத்த வீரரைக் கூட்டி வந்திருந்தார்கள். நண்டுத் தலையும் கொடுக்குக் கைகளும் வைத்த ரப்பர் சட்டைக்குள் அவரை ஏற்றி, முதுகில் ஜிப்பை இழுத்தோம். இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு அவர் மரம் சாய்வதுபோல் மல்லாந்து விழுந்தார். முகத்தில் தண்ணீர் அடித்ததும் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். இடுப்பிலிருந்து கீழே இன்னும் பூதமாகவே இருந்தார். யோஷ் பின்னாலேயே ஓடிப் பாதிச் சட்டையை மீட்டுக்கொண்டு வந்தான்.

"இப்ப யாரு உள்ள போறது?" என்று சிட் எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"நானே போறேன். எனக்குத் தகுதி இருக்கு" என்றான் யோஷ்.

"என்ன தகுதி?"

"சண்டை நேரத்துல என் ராணுவப் பதிவுல 'எதிரி அந்நியன்'னு முத்திரை குத்தியிருந்தாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல பொறந்து, அங்கயே பள்ளிக்கூடம் படிச்சவன் நான். அரசாங்கமே சான்றிதழ் குடுத்திருக்கு, வேற யாருக்கு இந்த வேஷம் பொருந்தும்?"

சிட் சிரித்தார். மார்ட் சிரிக்கவில்லை. நான் கட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டேன். அங்கிருந்து வடக்கே பத்து மைலில்தான் மான்ஸனார் முகாம் இருந்தது. ஜப்பானோடு போர் நடந்த காலத்தில், இங்கேயே வாழ்ந்த ஜப்பானியக் குடும்பத்தவர்கள் பத்தாயிரம் பேரை வேலி போட்டு அடைத்து வைத்த இடம். எங்கள் பஸ் அதைக் கடந்துதான் போய் வந்தது, வடக்கே அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போடப் போகும்போதெல்லாம். காய்ந்த பேரி மரங்களும் முகாம் இடுகாட்டின் வெள்ளைக் கல்தூணும் தெரியும். யோஷ் அந்தப் பக்கம் திரும்பமாட்டான், தூங்குவதுபோல் இருப்பான்.

அவனுக்குச் சட்டை ரொம்பப் பெரிது. உள்ளே நாலு தலையணை வைத்துக் கட்டினோம்.

படத்தின் கடைசிப் பகுதிக்கு ஒரு வேலி தேவைப்பட்டது. கதையில், சந்தேகப்பட்டவர்களையெல்லாம் ஊரார் பிடித்து வேலிக்குள் அடைப்பார்கள். அவர்களில் ஒருவன் பூதமாக மாறி, வேலியைப் பிய்த்துக்கொண்டு பாய்வான். ஷெரீப் சுட்டு வீழ்த்துவார். ஊர் செய்தது சரிதான் என்று நிரூபணமாகும். வேலிக்குப் பலகையும் கம்பியும் கொண்டு வந்தவர் லோன் பைனில் இரும்புக் கடை வைத்திருந்த கிளைட் ஓவர்ஹோல்ட். ஊர்க்காரர்கள் முப்பது பேரோடு கூட்டத்தில் நடிக்கவும் ஒத்துக்கொண்டிருந்தார். வந்த முதல் நாளிலிருந்து மார்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆளுங்க சனி கிரகத்துலேருந்து ஏன் வர்றாங்க? நெவாடால அணுகுண்டு வெடிச்சுப் பாக்கறாங்களே, அந்தத் தூசிக்காகத்தானே?"

"அப்படியும் வெச்சுக்கலாம்" என்றார் மார்ட்.

"வெச்சுக்கலாம் இல்ல, அதான். போன வருசம் என் வண்டி மேல பழுப்பா ஒரு படலம். எங்க மாடு ரெண்டு நாள் புல்லு திங்கல. அதையும் எழுதிக்கங்க."

மார்ட் எழுதிக்கொண்டார். பூதத்துக்கு ஏற்கெனவே கொரியாவும் ரஷ்யாவும் இருந்தன. இப்போது நெவாடாவும் சேர்ந்தது. இத்தனையும் சுமந்துகொண்டு யோஷ் வெயிலில் நின்றான்.

கிளைட்டின் டிரக்கிலிருந்து பலகைகளை இறக்கும்போது யோஷ் கால்வரை ரப்பரும் மேலே பனியனுமாக நிழலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். ஒரு பலகையைப் பார்த்ததும் எழுந்து வந்தான். மரக்கணு விழுந்து ஓட்டையான இடத்தில் டப்பா மூடி ஒன்றை வைத்து ஆணி அடித்திருந்தது. அடுத்த பலகையிலும் அப்படியே. மூன்றாவதில் இரண்டு மூடி.

"இத எங்க வாங்கினீங்க மிஸ்டர் ஓவர்ஹோல்ட்?"

"அந்த முகாமைப் பிரிச்சு வித்தாங்கல்ல, அதுல எடுத்தது. கோழிக்கூடு கட்டியிருந்தேன்."

"கோழிங்களுக்குக் காத்து அடிச்சுதா?"

"அதெல்லாம் இல்ல. யாரோ நல்லா அடைச்சிருக்காங்க" என்றார் கிளைட், மூடியைத் தட்டிக் காட்டி. பிறகுதான் யோஷின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தார். அவர் கை மூடியிலேயே நின்றுவிட்டது. "நீ அங்க இருந்தியா?"

"பதினேழு வயசுல உள்ள போனேன். பத்தொம்பதுல பட்டாளத்துக்குக் கூப்பிட்டாங்க, அதே வாசல் வழியா வெளிய வந்தேன். காத்து வந்தா மணல் கஞ்சிக்குள்ள விழும். எங்கப்பா சாப்பாட்டுக் கூடத்துலேருந்து மூடியாப் பொறுக்கிட்டு வந்து அடிச்சாரு. இது அவரு அடிச்சதுன்னு சொல்லல. எல்லாரும் அடிச்சாங்க."

கிளைட் மூடியிலிருந்து கையை எடுத்து, "நான் உனக்கு வேற பலகை கொண்டு வர்றேன்" என்றார்.

"வேணாம். நல்ல பலகைதான்."

மார்ட் என்னருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். யோஷிடம் போய், "வேலி இல்லாமயே எடுத்துரலாம். ஒரு களஞ்சியத்துல அடைச்ச மாதிரி மாத்திடறேன்" என்றார்.

"எதுக்கு? கட்டுங்க" என்றான் யோஷ். பிறகு தச்சர்கள் கம்பத்தின் மேல் முள்கம்பி கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆனா தப்பாக் கட்டறாங்க. மேல் பக்கம் உள்ள பாத்துச் சாயணும். வெளிய பாத்துச் சாஞ்சா வெளியிலேருந்து வர்றவனைத் தடுக்கற வேலி. எங்கள அங்க வெச்சது எங்க பாதுகாப்புக்குன்னு சொன்னாங்க. வேலி உள்ளதான் சாஞ்சிருந்துச்சு" என்றான்.

தச்சர்கள் அவிழ்த்து மறுபடி கட்டினார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் காட்சியை எடுத்தோம். சிட் சாப்பிடப் போனவர் இன்னும் திரும்பவில்லை. முப்பது ஊர்க்காரர்களும் வேலிக்கு வெளியே கையில் கட்டையும் அட்டைக் கல்லுமாக நின்றார்கள். யோஷ் வேலிக்குள்ளே, முழுப் பூதமாக, ஜிப் போட்டு முடித்து நின்றான். கோபத்தில் கத்தி, வேலியை உலுக்கி, பிய்த்துக்கொண்டு வர வேண்டும். மார்ட் கையசைத்தார். கேமரா ஓடத் தொடங்கியது.

கூட்டம் கத்தியது. பூதம் நகரவில்லை. பிறகு மெதுவாகக் குனிந்தது. கொடுக்கால் ஒரு கல்லை எடுக்கப் பார்த்தது, கல் வழுக்கி விழுந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். பூதம் மறுபடி குனிந்து, இரண்டு கொடுக்கையும் சேர்த்துக் கல்லைத் தூக்கி, நாலடி நடந்து நிமிர்த்து வைத்தது. தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. இன்னொரு கல்லை எடுத்து வந்து பக்கத்தில் படுக்க வைத்தது. மூன்றாவதாக ஒரு சின்னக் கல். பின்பு முழங்கால் போட்டு உட்கார்ந்து, கொடுக்கின் ஓரத்தால் மணலை வழித்துக் கோடு கோடாக விட்டது. தண்ணீர் ஓடுவதுபோல் இருந்தது.

சிரிப்பு நின்றிருந்தது. கத்தலும் நின்றிருந்தது. கிளைட் எறிவதற்காக ஓங்கிய கல்லை இறக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஷெரீப்பாக நடித்தவர் துப்பாக்கியோடு மார்ட்டைப் பார்த்தார். மார்ட் நிறுத்தச் சொல்லவில்லை. ஃபிலிம் தீர்ந்து கேமரா தானாகவே நின்றது.

ஜிப்பைக் கழற்றியதும் யோஷ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க. கை அப்படிப் போயிடுச்சு. அப்பா முகாமுக்குள்ள இப்படித்தான் கல்லும் மணலும் வெச்சுத் தோட்டம் போடுவாரு. இப்ப ஒழுங்கா பண்றேன்" என்றான்.

இரண்டாவது டேக்கில் ஒழுங்காகச் செய்தான். முதுகில் அட்டைக் கல் பட்டதும் பயங்கரமாகக் கத்தினான், வேலியைப் பிய்த்தான், சுடப்பட்டு அழகாக விழுந்தான். அது முடியும்போது சிட்டின் கார் வந்து நின்றது. "இதுதான். இதப் போடு" என்றார்.

மார்ட் என்னிடம் வந்து குனிந்தார். "ரெண்டாவதுக்கு வட்டம் போடு."

"முதலாவது?"

"நாடின், எனக்குக் குடும்பம் இருக்கு. பூதத்து மேல இரக்கம் வர்ற மாதிரி எடுத்தா என்னைக் கூப்பிட்டு உக்காரவெச்சு ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்வேன்?"

"நான்தான் தப்பா வட்டம் போட்டேன்னு சொல்லுங்க."

அவர் சிட்டின் காரைத் திரும்பிப் பார்த்தார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. நான் இரண்டுக்கும் வட்டம் போட்டேன். முதலாவதன் வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது, அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் பெரிய தைரியமில்லை. எதிர்வீட்டுத் திரைச்சீலைதான் ஞாபகம் வந்தது.

வெட்டி ஒட்டும்போது மார்ட் இரண்டையும் சேர்த்துவிட்டார். பூதம் கல் அடுக்குகிறது. ஊரார் கத்துகிறார்கள். ஒரு கல் வந்து அதன் முதுகில் விழுகிறது. அதன் பிறகுதான் எழுந்து வேலியைப் பிய்க்கிறது. சிட் பார்த்துவிட்டுக் கோபத்தில் குதித்தார்.

"தோட்டக்காரப் பூதமா? ஜனங்க சிரிப்பாங்க. முன்னோட்டம் முடிஞ்சதும் தூக்கிடு."

முன்னோட்டம் என்பது வெளியிடுமுன் ஜனங்களுக்குப் போட்டுப் பார்ப்பது; அதை ஒரு சனிக்கிழமை மதியம் பேக்கர்ஸ்பீல்டில் ஒரு தியேட்டரில் போட்டோம். சிட், மார்ட், யோஷ், நான். கூடவே வால்ட்டையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன், வீட்டில் தனியாகச் சுவரைப் பார்க்க வேண்டாமே என்று. திரையிடும் கம்பெனியின் ஆள் ஒருவர் சுருட்டோடு சிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காட்சி வந்தது. முதல் கல் விழுந்ததும் தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. யோஷ் நாற்காலியில் சரிந்தான். இரண்டாவது கல்லுக்குச் சிரிப்பு குறைந்தது. மணலை வழிக்கும்போது சோளப்பொரி மெல்லும் சத்தம்கூட இல்லை. முதுகில் கல் விழுந்தபோது பின்வரிசையில் ஒரு பெண்மணி "அடடா" என்றது எல்லாருக்கும் கேட்டது.

விளக்கு எரிந்ததும் சுருட்டுக்காரர் சிட்டின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"பிரமாதம் லுபெக். பக்கத்து வீட்டுத் தோட்டக்காரன் மாதிரி எப்படி நடிச்சு ஏமாத்தறான் பாருங்க. சிவப்பனுங்க அப்படித்தான். அந்தக் காட்சில கைய வெச்சுடாதீங்க."

சிட் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அதேதான் கண்ணு. அதுக்காகத்தான் வெச்சேன்."

மார்ட் கழிப்பறைக்குப் போய் ரொம்ப நேரம் வரவில்லை. அழுகிறாரோ என்று யோஷைப் பார்க்க அனுப்பினேன். திரும்பி வந்து, "சுவத்துல சாஞ்சு சிரிச்சுக்கிட்டு இருக்காரு. நிறுத்த முடியல போல" என்றான்.

பார்த்தவர்கள் கருத்து எழுதிப் போட்ட அட்டைகளைப் படித்தோம். ஒருவர் சிவப்பர்களைத் தோலுரித்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார். ஒருவர் அணுகுண்டு சோதனையைக் கண்டித்ததற்கு நன்றி என்றிருந்தார். ஒருத்திக்குப் பூதத்தின் கண் தன் மாமியார் கண் மாதிரியே இருந்ததாம்.

திரும்பும் வழியில் நான் வண்டி ஓட்டினேன். வால்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். வெகு தூரம் போன பிறகு பேசினான்.

"அந்தப் படத்துல யாரும் அவன்கிட்ட ஒண்ணுமே கேக்கல."

"யார்கிட்ட?"

"அந்த நண்டுகிட்ட. எங்கேருந்து வர்ற, என்ன வேணும், சாப்பிட்டியா. ஒருத்தர்கூடக் கேக்கல. கத்தினாங்க, அவ்ளோதான்."

பத்து மாதமாக நானும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டால் நோகுமோ என்று நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவன் என்ன சொல்வானோ என்று எனக்குப் பயம்.

"அங்க என்னடா சாப்பிட்டீங்க?" என்றேன். கேட்க வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"தினையும் சோளமும். முதல் குளிர்காலத்துல அதுகூட இல்ல" என்றான். பிறகு வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தான். கூடப் படுத்திருந்த பையன்கள், ஆற்றில் உறைந்த பனி, செத்தவர்களின் பெயர்கள். தெருவுக்குள் நுழைந்தும் முடியவில்லை என்பதால் வண்டியை நிறுத்தாமல் அதே தெருவை நாலு சுற்று சுற்றினேன். எதிர்வீட்டுத் திரைச்சீலை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அசைந்தது. மூன்றாவது சுற்றில் வால்ட் அதற்குக் கையாட்டினான்.

படம் ஊர் ஊராகத் திறந்தவெளித் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்குக் காட்டும் இரண்டு படங்களில் இரண்டாவதாக ஓடி, கோடை முடிவதற்குள் காணாமல் போனது. மார்ட்டை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவே இல்லை. அதற்காக அவர் போனைப் பார்த்துப் பயப்படுவதை நிறுத்தினார் என்று சொல்ல முடியாது. யோஷ் தன் அம்மாவை அவர்கள் பேட்டையான பாயில் ஹைட்ஸ் தியேட்டருக்குக் கூட்டிப் போனான், நானும் வால்ட்டும் போனோம். அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை அசையாமல் பார்த்தார். வெளியே வந்ததும் மகனிடம் ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்றான் வால்ட்.

"சின்னக் கல்ல தப்பான பக்கம் வெச்சுட்டேனாம். அப்பா இருந்திருந்தா எட்டி உதைச்சிருப்பாராம்" என்றான் யோஷ். அப்புறம், "உள்ள ரொம்ப வேர்த்துச்சான்னும் கேக்கறாங்க" என்றான்.

மூன்று வருடம் கழித்து, அக்டோபரில், ரஷ்யர்கள் ஓர் உலோக உருண்டையை வானத்தில் சுற்ற விட்டார்கள். அமெரிக்காவே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. மறுநாள் காலை சிட் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"கண்ணுங்களா, இப்ப எல்லாருக்கும் புதுப் பயம். இறங்கி வர்றவன் பழசு. மேலேயே நின்னு நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கறவன்தான் புதுசு."

"எப்படி இருப்பான்?" என்றான் யோஷ், அளவு நாடாவைப் பையிலிருந்து எடுத்தபடி.

"கண்ணுக்கே தெரியமாட்டான்."

யோஷ் நாடாவைத் திரும்பச் சுருட்டினான். "அப்ப சட்டை தைக்க வேணாமா?"

"வேணாம்."

"நல்லது" என்று சொல்லி, எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.